ஒரு பனியனின் பூர்வீகத்தைக் காட்டச் சொன்னார்கள்

அப்பா திருப்பூரில் நான்கு தையல் இயந்திரங்களை வைத்துத் தொடங்கிய எங்கள் பனியன் கம்பெனிக்கு, நாங்கள் பேச்சில் 'காட்ஸ்' (GOTS) என்று சொல்லும், ரசாயன உரம் போடாமல் விளைந்த இயற்கைப் பருத்தி ஆடைகளுக்கான உலகத் தரச்சான்றை வாங்கப் பதினோரு மாதங்கள் பிடித்தன. இதே வேலையில் இறங்கவிருக்கும் சிறு கம்பெனிக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கே தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதுகிறேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். அவரோ ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பின்னிய துணியைச் சாயமேற்ற இடமில்லாமல் வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களை அவர் மறக்கவில்லை. பாசனத்துக்காக அதே ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் பயிருக்கே ஆகாமல் போனதையும் கண்ணால் பார்த்தவர். பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாமல், எதிர் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அதன் பிறகுதான் இங்கே உறுதியாக நிலைபெற்றது. "அப்பவே செஞ்சிருக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னார்.

நல்ல நூலை வாங்கித் தைத்துவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் பருத்தி அரவையிலிருந்து நூற்பாலை, நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று சரக்கு கைமாறும் ஒவ்வோர் இடமும் இந்தச் சான்றின் கீழ் வந்தாக வேண்டும். எங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சாயமேற்றித் தந்தவரின் பட்டறையில் கழிவுநீர் முறையாகவே சுத்திகரிக்கப்பட்டது. ஆனாலும் அவரிடம் இந்தச் சான்று இல்லாததால் இயற்கைப் பருத்தித் துணியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பழையவரிடம் நேரில் போய் அதைச் சொன்ன நாள் எனக்கு வருத்தமான நாள்.

முதல் தணிக்கையில் வந்த அதிகாரி, பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு பனியனை உருவி மேசைமேல் வைத்தார். அது எந்த லாட், எந்த நாளில் வெட்டியது, எந்தச் சாயத் தொகுதி, எந்த நூல் பை என்று பின்னோக்கிக் காட்டும்படி கேட்டார். வெட்டிய நாள்வரை காட்டிவிட்டோம். அதற்கு மேல் எங்கள் பதிவேடு பேசவில்லை. உள்ளே வந்த நூலின் எடையிலிருந்து நிட்டிங்கில் போனது, சாயத்தில் குறைந்தது, கட்டிங் வேஸ்ட் ஆகியவற்றைக் கழித்தால் வெளியே போன ஆடைகளின் எடை வர வேண்டும். எங்கள் கணக்கில் 62 கிலோ துணியைக் காணவில்லை.

மாலைவரை தேடியதில், காணாமல்போன துணி மூன்று ரோல்களாகச் சாதாரணப் பருத்தி ரேக்கிலேயே கிடந்தது. கட்டிங் மாஸ்டர் இரண்டு துணியையும் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மிணி, முப்பது வருசமா துணி வெட்டறேன், இதுல எது எதுன்னு எனக்கே தெரியலீங்க" என்றார். அந்தச் சொல்தான் எனக்கு எல்லாவற்றையும் விளங்கவைத்தது. ரசாயன உரம் போட்டு விளைந்த பருத்தியும் போடாமல் விளைந்த பருத்தியும் துணியான பிறகு கண்ணுக்கும் கைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். எது எதுவென்று சொல்வது கூடவே வரும் காகிதம்தான். அது பொய்யானால் விளைவித்த விவசாயியின் உழைப்பும் வாங்குகிறவரின் நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும். 2020இல் இந்திய இயற்கைப் பருத்தியில் சுமார் 20,000 டன்னுக்குப் போலிச் சான்றுகள் பிடிபட்டபோது, நேர்மையாகத் தொழில் செய்தவர்களையும் சேர்த்தே சந்தேகித்தார்கள்.

அதன் பிறகு இயற்கைப் பருத்திக்கென்று தனி ரேக்கும் பச்சை நாடாவும் வைத்தோம். நூல் பையில் வரும் சீட்டைக் கிழித்தெறியாமல் ரோலோடு கட்டி, வெட்டிய பிறகு கட்டிங் தாளில் ஒட்டுகிறோம். அதே தணிக்கையில் பவர் டேபிளில் தைக்கும் பெண்களிடம் அதிகாரி எங்களை விலக்கிவிட்டுத் தனியாகப் பேசியதில், ஓவர்டைம் பதிவுக்கும் வருகைப் பதிவுக்கும் அரை மணி நேரம் பொருந்தாததும் வெளிவந்தது. அது எங்கள் தவறு. விடுபட்ட கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டோம்.

நூல் வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மில்லின் சான்றிதழைப் பார்த்ததோடு நிற்காமல், நீங்கள் வாங்கும் அந்தச் சரக்குக்கே உரிய பரிவர்த்தனைச் சான்றை, 'டிசி'யை, எப்போது தருவார்கள் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அது தாமதமாக வந்ததால், தைத்து முடித்த சரக்கு ஐந்து வாரம் குடோனிலேயே இருந்தது. சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அடுத்த தணிக்கைக்கு அப்பாவே ரோல்களை எடைபோட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.