சிபாப் போட்டும் தொண்டை காய்ந்த கதை

ஸ்லீப் டெஸ்டில் எனக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்று தெரிந்து, மூச்சுப் பாதை மூடாமல் இருக்க மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் சிபாப் (CPAP) மெஷின் வாங்கியது மாசிக் கடைசியில். குறட்டை முதல் ராத்திரியே நின்றது. காட்பாடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை தொங்குவதும் போகப்போகக் குறைந்தது. கத்திரி வெயில் தொடங்கியபோதுதான் புதுத் தொல்லை. விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மூக்குக்குள் எரியும், சில நாள் சளியில் ரத்தக் கோடும் தெரியும். மெஷினோடு, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் இருந்தும் இப்படி.

விற்ற கடையில் கேட்டால் ஒரே பதில்தான்: "நம்பரைக் கூட்டி வைங்க சார்." ஹியூமிடிஃபையரில் 1 முதல் 8 வரை உள்ள ஈர அளவில் 4-இல் இருந்ததை 6 ஆக்கினேன், அப்புறம் 8. தொண்டையில் மாற்றமே இல்லை. ஆனால் விடிவதற்குள் அதன் தண்ணீர் டேங்க் வற்றிப்போனது.

அந்த வற்றிய டேங்க்தான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. ஹியூமிடிஃபையர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடியில் சூடாகும் தட்டு, அதன்மேல் தண்ணீர் டேங்க். காற்று அந்தத் தண்ணீரை ஒட்டிப் போய் டியூபுக்குள் நுழைகிறது, அவ்வளவுதான். காலையில் டேங்க் நிறைந்தபடியே இருந்தால், தட்டு சூடாகவில்லையோ, டேங்க் சரியாக உட்காரவில்லையோ என்று பார்க்கலாம். டேங்க் காலியாகியும் தொண்டை காய்ந்தால், காற்று எங்கேயோ ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுக ஒழுக, அழுத்தம் குறையாமல் இருக்க மெஷின் இன்னும் அதிகமாகக் காற்றைத் தள்ளும். தண்ணீரும் சீக்கிரம் தீரும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி. "என்னங்க, ராத்திரி பூரா உங்க வாயிலிருந்து புஸ்ஸுபுஸ்ஸுனு காத்து வருது, சைக்கிள் டியூப் பஞ்சரான மாதிரி" என்றாள். நான் போட்டிருந்தது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க். மெஷின் திரையில் லீக் கணக்கைப் பார்த்தேன். கையேட்டில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்கலாம் என்று போட்டிருந்தது. எனக்குப் பெரும்பாலான ராத்திரிகளில் அதைத் தாண்டியிருந்தது.

மூக்கு டாக்டரிடம் போனபோதுதான் முழு விஷயமும் விளங்கியது. சாதாரணமாக நாம் வெளியே விடும் மூச்சில் இருக்கிற ஈரத்தில் ஒரு பங்கை மூக்கே பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கிறது. வாய் திறந்துவிட்டால் காற்று மூக்கு வழியே நுழைந்து வாய் வழியே போய்விடும். திரும்பி மூக்குக்கு வருவதே இல்லை. உள்தோல் காய்ந்து வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது. "மூக்கு அடைச்சா வாய் திறக்கும், வாய் திறந்தா மூக்கு அடைக்கும். நீங்க இதுல எங்கயாவது ஒரு இடத்துல வெட்டணும்" என்றார். தும்மலுக்கு நான் போட்டுக்கொண்டிருந்த செட்டிரிசின் மாத்திரையும் வாயை உலர்த்தக்கூடியது என்று சொல்லி அதை நிறுத்தினார். பதிலாக மூக்குக்கு ஒரு ஸ்பிரே, படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு.

தாடையைக் கட்டும் பட்டையையும் வாங்கிப் பார்த்தேன். நம் ஊர் வேர்வைக்கு அது ஆகாது, எனக்கு ஆகவில்லை. கடைசியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறினேன். வாய் திறந்தாலும் அழுத்தம் உள்ளேயே நிற்கிறது.

பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மீதி ஏசியில் இருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் படுக்கையறைக்கு மேலே மொட்டை மாடி. சுற்றிலும் பாறை மலை, பகலில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடும். அதனால் ஏசியை 20-இல் வைத்துப் படுப்போம். ஏசி குளிர வைக்கும்போதே அறையின் ஈரத்தையும் பிழிந்துவிடுகிறது. வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான். 26-இல் வைத்து, காற்று முகத்தில் படாமல் திருப்பி, ஃபேனை மெதுவாக ஓடவிட்டோம். குளிர்ந்த அறையில் ஹியூமிடிஃபையரை 8-இல் வைத்தால் இன்னொரு வம்பும் உண்டு: டியூபுக்குள் ஆவி நீராகி, நடு ராத்திரியில் களக் களக் என்று சத்தம் போட்டு மூக்கில் தெறிக்கும். டியூபைச் சுற்றி ஒரு துணி உறை தைத்துப் போட்டதும், மெஷினைத் தலைக்குக் கீழான மட்டத்தில் வைத்ததும் அதற்கு உதவின. சூடாகும் டியூப் என்றே தனியாகக் கிடைக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுத் துணி உறையே போதும் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன வைத்தியம் தனிக் கணக்கு. மூக்கில் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் அத்தை. டேங்கில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விடச் சொன்னான் மச்சான். டாக்டர் இரண்டும் கூடாது என்றார். எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் போகலாம், மாஸ்க்கின் சிலிகானும் கெட்டுப்போகும். டேங்கில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் வேண்டாம். எங்கள் தெருவின் போர் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி வெள்ளையாகப் படியும் என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. லேசாகப் படிந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம். தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டேங்கைக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும்.

இப்போது நம்பர் 5-இல் நிற்கிறது, காலையில் டேங்கில் கொஞ்சம் தண்ணீரும் மிஞ்சுகிறது. பெரிய மாஸ்க்கில் கன்னத்தில் பட்டைத் தடம் விழுவது உண்மை. முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் அதுவும் வழுக்கி ஒழுகும், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.