அப்டேட் வந்தாலே இப்போ பயமா இருக்கு

பதினோரு வருஷமா நான் ஒரே கம்பெனி ஃபோன்தான். ஒரே ஃபோன் இல்ல, அந்தக் கம்பெனியோட நாலு ஃபோன் மாத்தியாச்சு, நடுவுல ஒரு தடவகூட வேற பக்கம் திரும்பிப் பார்த்ததில்ல. பேரு சொல்லப் போறதில்ல, சொன்னா பேச்சு அந்தப் பேரைச் சுத்தியே ஓடிடும். இதுல கொடுமை என்னன்னா நான் மட்டும் வாங்கிட்டு சும்மா இருக்கல. அக்காவுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு பையன், அவனோட தங்கச்சி, எண்ணிப் பார்த்தா எட்டு பேரை நானே வாங்க வெச்சிருக்கேன். சம்பளம் வாங்காத சேல்ஸ்மேன். இப்போ எதாவது ஆச்சுன்னா அந்த எட்டு பேரும் கம்பெனிய கூப்பிடறதில்ல, என்னையத்தான் கூப்பிடறாங்க.

போன மாசம் அத்தை கூப்பிட்டாங்க. "ஏன்டா, இந்த ஃபோனை ஆஃப் பண்ணவே முடியல, பட்டனை அமுக்கிப் புடிச்சா எவளோ ஒருத்தி வந்து என்ன உதவி வேணும்னு கேக்குறாடா"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. பவர் பட்டனை ஏஐ அசிஸ்டென்ட்டுக்கு மாத்திட்டாங்க. ஆஃப் பண்ணணும்னா வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கணுமாம். பழையபடி மாத்திக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு, மூணு மெனு உள்ள போய் தேடணும், அதை ஃபோன்ல சொல்லிக் குடுக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு, பாதியில ரெண்டு தடவ அவங்க என் காலையே கட் பண்ணிட்டாங்க. அவங்க வாங்குனப்போ அந்த பட்டன் அப்படி இல்லங்க. ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு படுத்தாங்க, காலைல எழுந்தா வேற ஃபோன்.

புது மாடல்ல ஒரு வசதிய எடுத்தா கோவம் வரும், ஆனா அதை வாங்காம இருக்க எனக்கு உரிமை இருக்கு. மெமரி கார்டு ஸ்லாட்டை எடுத்தாங்க, சரி. அதுக்கு பதிலா ஜாஸ்தி ஸ்டோரேஜ் மாடலை ஜாஸ்தி விலைக்கு வித்தாங்க, அதுவும் இல்லன்னா மாசாமாசம் கட்ற கிளவுட். பழைய ஃபார்மட்ல ஒரு நிமிஷம் 4கே வீடியோ எடுத்தா சுமார் 350 எம்பி போயிடும், ஒரு மணி நேரத்துக்கு 21 ஜிபி, அப்போ 128 ஜிபி எந்த மூலைக்கு? சார்ஜரையும் பெட்டியிலருந்து தூக்கினாங்க. 2020ல ஆப்பிள் ஆரம்பிச்சு வெச்சது, சுற்றுச்சூழலுக்காகன்னு சொன்னாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா பின்னாடியே போனாங்க. அதையும் விட்டுடலாம், வீட்ல நாலு சார்ஜர் கிடக்குது.

ஹெட்ஃபோன் ஜாக் மட்டும் எனக்கு இன்னும் ஆறல. எடுத்ததுக்கு சொன்ன காரணம் இடம் பத்தல, தண்ணி உள்ள போயிடும். 2014ல சாம்சங் கேலக்ஸி எஸ்5னு ஒண்ணு வந்துச்சு, ஐபி67, அரை மணி நேரம் ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள தாங்கும், அதுல 3.5 எம்எம் ஜாக்கும் இருந்துச்சு, மெமரி கார்டும் இருந்துச்சு, பின்மூடியை நகத்தால கழட்டி பேட்டரிய வெளிய எடுக்கலாம். அப்போ தண்ணி வேற தண்ணியா? காரணம் தண்ணி இல்லங்க, இயர்பட்ஸ். ஒயர் இயர்ஃபோன் பத்து வருஷம் ஓடும், என்கிட்ட ஒண்ணு ஓடிட்டே இருக்கு. இயர்பட்ஸ்குள்ள இருக்கிறது விரல் நகம் அளவு பேட்டரி, தினம் சார்ஜ் ஏறி இறங்கி ரெண்டு மூணு வருஷத்துல முடியாம போயிடும், பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருக்கும், பேட்டரி மாத்த முடியாது, திரும்ப புதுசு. ரிப்பேர் பண்ணிக்கலாம், ரொம்ப நாள் உழைக்கும்னு சொல்லியே ஃபோன் விக்கிற ஃபேர்ஃபோன்கூட 2021ல வந்த நாலாவது மாடல்ல ஜாக்கை எடுத்துட்டு கூடவே இயர்பட்ஸ் வித்தாங்க. அவங்களே அப்படின்னா நம்ம ஆளுங்களை என்ன சொல்றது.

ஆனா பாருங்க, இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சுதான் வாங்கினேன், கோவிச்சுக்கிட்டே வாங்கினேன். ஏன் வாங்கினேன்னா அப்டேட். அந்தக் காலத்துல மத்த ஆண்ட்ராய்டு ஃபோன்லாம் ரெண்டு வருஷத்துல அனாதையா நிக்கும், இவங்க மட்டும் விடாம அனுப்புவாங்க, அதைச் சொல்லித்தான் எட்டு பேரையும் பிடிச்சேன். "வாங்கிப் போடுங்க, அப்டேட் வந்துட்டே இருக்கும்"னு அக்காகிட்ட சொன்ன அதே வார்த்தைய இப்போ அவ என்கிட்ட திருப்பி சொல்றா, டோன் மட்டும் வேற.

அக்காவோட ஃபோனுக்கு நடந்தது இதுதான். மூணு வருஷ ஃபோன், காலைல சார்ஜ் போட்டா ராத்திரி வரைக்கும் நின்னுச்சு. ஒரு அப்டேட் வந்துச்சு, குறிப்புல ஒரே ஒரு வரி, பேட்டரி நிலைத்தன்மை மேம்பாடுன்னு. அதுக்கப்புறம் மதியத்துக்குள்ள 30 பர்சென்ட்டுக்கு வந்துடுது, கேமரா திறக்க அது யோசிக்குது.

இதுக்குப் பின்னாடி நியாயமான காரணம் இருக்குன்னு எனக்கே தெரியும். லித்தியம் பேட்டரி வயசாக ஆக உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறும், கேமரா, கேம் மாதிரி ஒரேடியா கரண்ட் இழுக்கிற வேலை வந்தா வோல்டேஜ் பொத்துனு விழும், ஃபோன் 20 பர்சென்ட்ல இருக்கும்போதே அணைஞ்சு போகும். அதைத் தடுக்க பிராசஸர் வேகத்தைக் குறைக்கலாம், பேட்டரி இன்னும் சீக்கிரம் வயசாகாம இருக்க முழு அளவுக்கு சார்ஜ் ஏறாம பாத்துக்கலாம். தப்பில்ல. சொல்லிட்டு செய்யணும். ஆப்பிள் இதைச் சொல்லாம செஞ்சு 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டு, மன்னிப்பு கேட்டு, பேட்டரி மாத்துற விலையைக் குறைச்சு, 2018ல பேட்டரி எப்படி இருக்குன்னு பாக்கவும் அந்த வேகக் குறைப்பை நிறுத்தவும் செட்டிங்ஸ்ல இடம் வெச்சாங்க. இவ்வளவு பெரிய கூத்து உலகமே பாக்க நடந்து முடிஞ்சதுக்கு அப்புறமும் என் கம்பெனி ஒரு வரியில முடிச்சுட்டு போறாங்கன்னா அது மறதி இல்ல. சர்வீஸ் சென்டர்ல கேட்டா பேட்டரிக்கு வயசாயிடுச்சு மேடம், புது மாடல்ல எக்ஸ்சேஞ்ச் இருக்குன்னு அக்காகிட்ட சொல்லியிருக்காங்க. நேத்து வரைக்கும் ஆகாத வயசு அப்டேட் போட்ட மறுநாள் எப்படி ஆகும்?

விளம்பரம் இன்னொரு கதை. முழு விலை குடுத்து வாங்குன ஃபோன், ஃபைல் மேனேஜர்ல விளம்பரம், நோட்டிஃபிகேஷன்ல கேம், அன்இன்ஸ்டால் பண்ணின ஆப் அடுத்த அப்டேட்ல பல்லைக் காட்டிட்டு திரும்ப நிக்குது. மலிவு ஃபோன்ல இருந்தா புரிஞ்சுக்குவேன், விலையை அதுல ஈடு கட்டறாங்கன்னு. இங்க எதுக்கு?

இப்போ உலகம் வேற மாதிரி போய்ட்டு இருக்கு. 2023ல கூகுள் பிக்சல் 8க்கு ஏழு வருஷ அப்டேட்னு அறிவிச்சாங்க, 2024ல சாம்சங்கும் எஸ்24க்கு ஏழுன்னாங்க. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20லருந்து ஒரு மாடல் விற்பனை நின்ன பிறகும் குறைஞ்சது அஞ்சு வருஷம் அப்டேட் குடுக்கணும், பேட்டரி 800 தடவ சார்ஜ் ஆன பிறகும் 80 பர்சென்ட் தாங்கணும்னு சட்டமே வந்தாச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் ரொம்ப காலமா எத்தனை வருஷம், எத்தனை வருஷம்னுதான் கேட்டுட்டு இருந்தேன். அந்த வருஷம் முழுக்க என்ன அனுப்புவீங்கன்னு ஒரு தடவகூட கேக்கல.

பாதி தப்பு என் மேலயும்தான். ஜாக்கை எடுத்தப்போ முனகிட்டே வாங்கினேன், கார்டு ஸ்லாட்டை எடுத்தப்போவும் அதேதான். இவன் எங்கயும் போகமாட்டான்னு அவங்களுக்கு நல்லா தெரிஞ்சு போச்சு. என் ஃபோட்டோ, பேக்கப், வாட்ச், எல்லாம் அவங்க வீட்டுக்குள்ள, சாவியும் அங்கதான். கிளம்பலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பார்த்தேன், வாட்ச்லருந்து நாலு வருஷ டேட்டாவை ஒழுங்கா வெளிய எடுக்கவே முடியல, சாயங்காலம் மூடி வெச்சுட்டு எழுந்துட்டேன்.

நேத்து ஆபீஸ் பையன் கேட்டான், "அண்ணே, தங்கச்சி ஃபோன் உடைஞ்சு போச்சு, மறுபடி இதே கம்பெனியா?"ன்னு. எப்பவும் போல டக்குனு பதில் வரல. பழைய மாடல் ஒண்ணு இருக்கு, ஜாக் இருக்கும், கார்டு போடலாம், பட்டன் பட்டனா இருக்கும், அது எங்கயாவது கிடைக்குதான்னு பாருடான்னேன். "அதுக்கு அப்டேட் நிறுத்திட்டாங்களேண்ணே"ன்னான்.

அது ஒண்ணுதான்டா அதுல நல்லதேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. செக்யூரிட்டி பேட்ச் வராத ஃபோன்ல அந்தப் பொண்ணு பேங்க் ஆப் போடுமேன்னு நினைச்சு முழுங்கிட்டேன். "ரெண்டு நாள் டைம் குடு, பார்த்து சொல்றேன்"னு சொல்லியிருக்கேன்.