பூக்கட்டும் வீட்டில் ஒரு வீடியோ

மதுரையில் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு வீடியோ எடுப்பது என் வேலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு நன்கொடை திரட்டத்தான் இந்த வீடியோக்கள். கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "அரசுப் பள்ளியில் எல்லாம் இலவசமாச்சே, அப்புறம் எதுக்குப் பணம்?"

நியாயமான கேள்வி. புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் அரசு தருகிறது. மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்துவிடாது. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். இடையில் எது இடிக்கிறது என்பதை நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்கிறார்கள்.

திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் எடுத்தேன். அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் மகளும் உதிரி மல்லிகை வாங்கிக் கூலிக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். மார்ச்சில் மல்லிகை வரத்து கூடும், கை ஓயாமல் வேலை இருக்கும். பொதுத்தேர்வும் அதே மார்ச்சில். மகள் படிக்க உட்கார்ந்தால் அன்றைய கூலியில் பாதி போச்சு. எங்கள் உதவித்தொகை ஈடுகட்டுவது அந்தப் பாதியைத்தான்.

இதைச் சொல்லப் பின்னணிக் குரல் தேவைப்படவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டுக் கேமராவைத் தரையோடு வைத்தேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. நூல் இழுபடும் சத்தம்கூட மைக்கில் விழுந்தது.

அழுகிற மாதிரி ஒரு ஷாட், பின்னால் சோக வயலின் இருந்தால் பணம் கொட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. அந்த வீடியோ அவளோடு படிக்கும் பிள்ளைகளின் போனுக்கும் போகும். மறுநாள் அவர்களோடுதான் அவள் பஸ் ஏற வேண்டும். அதனால் கஷ்டத்தைப் பற்றிக் கேட்காமல், எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். கெமிஸ்ட்ரி என்றாள். ஆறு மொட்டுகளைத் தரையில் வட்டமாக அடுக்கி, "இதுதான் சார் பென்சீன்" என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். வீடியோ அதில்தான் தொடங்குகிறது.

18 வயது நிரம்பாத பிள்ளை என்பதால் அம்மாவிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தோம். ஆனால் கையெழுத்துப் போடும்போது திரையில் என்ன வரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எடிட் முடித்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அந்த ஒழுகுற கூரையை மட்டும் எடுத்துருங்க தம்பி. அவ கூடப் படிக்கிறவங்க பார்ப்பாங்க."

"சரிக்கா, எடுத்துர்றேன்."

கூரை போனதால் வீடியோவுக்கு ஒரு குறையும் வரவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் முடித்தோம். கடைசியில் ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு, வருமான வரிச் சலுகைக்கான ரசீது எப்படிக் கிடைக்கும் என்பது மட்டும்.

அதைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார். இலவசம் பற்றி அவர் கேட்கவே இல்லை. "மார்ச்சுல கொடுத்து என்ன பிரயோஜனம்? அதுக்கு முன்னாடியே பணம் போய்ச் சேர்ந்துருமா?" என்றார். அலுவலகத்தில் பேசி, பிளஸ் டூ பிள்ளைகளுக்கான தொகையை ஜனவரியிலேயே அனுப்ப முடிவு செய்தோம்.