பண்டிகைக்கு அப்புறம்

செப்டம்பர் 19, 2022, திங்கள்

இன்றும் ஷோஃபார் சத்தத்தோடுதான் பள்ளி தொடங்கியது. யூத நாட்காட்டியில் எலூல் மாதம் பிறந்ததிலிருந்து, அதாவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தினமும் ஊதுகிறார்கள். ஆட்டுக்கடாவின் கொம்புதான். முதலில் ஒரே நீளமாகத் ‘தெகியா’. அப்புறம் மூன்று பெருமூச்சுகளாக ‘ஷெவாரிம்’. அதன்பின் விக்கி விக்கி அழுவதுபோல் ‘தெருவா’. அழுகை என்பது பெருமூச்சா, விசும்பலா என்று அந்தக் கால அறிஞர்களுக்குள் விவாதம் வந்ததாம். முடிவாகாததால் இன்றுவரை இரண்டையும் ஊதுகிறார்கள். இதை எனக்குச் சொன்னது அடுத்த அறை மோரா. மோரா என்றால் எபிரேயத்தில் ஆசிரியை.

ஊரில் சாவுக்கு ஊதும் சங்கைக் கேட்டு வளர்ந்தவள் நான். முதல் வருஷம் இந்தச் சத்தத்தில் அடிவயிறு கலங்கியது. இது ஆறாவது வருஷம். இப்போது இது இல்லாத காலைகள்தான் வெறிச்சென்று இருக்கின்றன.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நடு நியூஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகள் பாதி நாள் எபிரேயமும் யூத வேதமான தோராவும் படிப்பார்கள், மீதி நாள் ஆங்கிலம், அறிவியல், கணக்கு. வாசலில் காவலர் உண்டு. தினமும் என் பையையும் பார்ப்பார். எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யூதப் பள்ளிகளுக்கு ஏன் காவல் வேண்டியிருக்கிறது என்று நினைத்தால் மனசு கனக்கும். பிள்ளைகளோ அவரிடம் கை தட்டிவிட்டு ஓடுகிறார்கள்.

செப்டம்பர் 22, வியாழன்

நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தேன். வரும் திங்களிலிருந்து அக்டோபர் 18 வரை வார நாட்கள் 17. பண்டிகை விடுமுறைகள் போக, அதில் பள்ளி நடப்பது 7 நாள், அதிலும் ஒன்று அரை நாள். முதல் இரண்டு வருஷம் இந்தக் கணக்கைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பின்னங்களை எப்போது முடிப்பது? இப்போது பண்டிகையையே கணக்கு வகுப்புக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

இன்று மாதுளை எண்ணினோம். மாதுளையில் 613 முத்து உண்டு, தோராவின் கட்டளைகளும் 613 என்று ஒரு வழக்கு. சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று நான்காம் வகுப்பில் நான்கு பழம் உடைத்தோம். காகிதத் தட்டில் பத்துப் பத்தாக, பத்துப் பத்தைச் சேர்த்து நூறாக. விரலெல்லாம் சிவப்பு, மேசையெல்லாம் சிவப்பு. ஒரு பெண் நூறைத் தாண்டியதும் வாய்க்குள் போடத் தொடங்க, அவள் குழுவே கழித்தல் கணக்கும் போட வேண்டியதாயிற்று. எந்தப் பழமும் 613 தரவில்லை. யாருக்கும் வருத்தமில்லை. “அடுத்த வருஷம் வேற கடையில வாங்குங்க மிஸ்” என்றான் ஒருவன்.

கடைசியில் வைத்த சின்னத் தேர்வில் மனசு கெட்டது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் தாளிலும் ஒரே தவறு, ஒரே வரியில். பார்த்து எழுதியது இவன்தான் என்று நானே முடிவு கட்டி, எல்லோர் முன்னாலும் ஒருவனை வேறு மேசைக்கு மாற்றினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

செப்டம்பர் 23, வெள்ளி

ஞாயிறு மாலை யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, 5783ஆம் ஆண்டு பிறக்கிறது. புத்தாண்டுக்கு முந்தின நாள் ஷோஃபார் ஊதக்கூடாது, சனிக்கிழமையும் கிடையாது. அதனால் பள்ளியில் இன்றைக்கே கடைசி.

சாப்பாட்டு அறையில் ஆப்பிள் துண்டும் தேனும். ரொட்டியைக்கூட இந்தப் பண்டிகைக்கு வட்டமாகச் சுற்றிச் சுடுகிறார்கள். மோராவின் குடும்பம் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் ஆப்பிளோடு நிற்காது. பேரீச்சை, பூசணி, பீட்ரூட், காராமணி என்று ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு வேண்டுதல் சொல்லிச் சாப்பிடுவார்களாம். காராமணி நன்மைகள் பெருகுவதற்கு. திங்கள்கிழமை எங்களுக்கு நவராத்திரி தொடங்குகிறது, எங்கள் வீட்டிலும் காராமணிதான் ஊறப்போகிறது என்றேன். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். தேங்காய், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நான் சமைத்துக் கொண்டுவர முடியாது. பள்ளிக்குள் கோஷர் சமையல், அதாவது யூத உணவு விதிப்படி செய்தது, மட்டுந்தான். செய்முறை போகலாமே.

இரண்டாம் இரவு அந்தப் பருவத்தில் அதுவரை சாப்பிடாத பழம் ஒன்று வேண்டுமாம். நம் இந்தியக் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் கொய்யா பார்த்தேன் என்று சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்கு இலை போட்டோம். வாழைக்காய், பாகற்காய், பாயசம். சாயங்காலம் மோராவுக்கு “ஷனா தோவா” என்று செய்தி அனுப்பினேன். சூரியன் மறைவதற்குள் அனுப்பியாக வேண்டும், அப்புறம் இரண்டு நாள் அவர் போனைத் தொடமாட்டார்.

நமக்கு அமாவாசை, அவர்களுக்குப் புத்தாண்டு. இரண்டும் நிலவைப் பார்த்துக் குறிக்கிற நாட்கள். சூரியனோடு ஒத்துப்போக அவர்கள் 19 வருஷத்தில் 7 மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்: 12 வருஷம் 12 மாதம், 7 வருஷம் 13 மாதம், மொத்தம் 235. ஐந்தாம் வகுப்புக்கு நல்ல கணக்கு.

செப்டம்பர் 29, வியாழன்

நான்காம் வகுப்பை ராரிட்டன் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனோம், தஷ்லிஹ் செய்ய. புத்தாண்டில் ஓடும் தண்ணீருக்கு முன் நின்று, போன வருஷத்துத் தவறுகளை நீரில் போடுவதாக நினைத்துப் பிரார்த்திக்கும் வழக்கம். அன்று செய்யாதவர்கள் பின்னாலும் செய்யலாம். ரொட்டித் துண்டு போட வேண்டாம், வாத்துகளுக்கு ஆகாது என்று பள்ளியின் மதகுரு, ரபி, சொல்லிவிட்டார். பிள்ளைகள் கூழாங்கல் பொறுக்கினார்கள். சிலர் சத்தம் வர எறிந்தார்கள். ஒரு பெண் ஒவ்வொரு கல்லையும் வாயருகே வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போட்டாள். பதினோரு கல். நான் எண்ணியிருக்கக் கூடாது, எண்ணிவிட்டேன்.

திரும்பும்போது ஒருவன் என் பக்கத்தில் நடந்தான். அன்று நான் இடம் மாற்றாதவன். “மிஸ், அன்னைக்குப் பார்த்து எழுதினது நான்தான். அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். உங்ககிட்டதான் பாக்கி.”

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் கடவுளுக்குச் செய்த தவறுகளைத்தான் தீர்க்கும். மனிதனுக்கு மனிதன் செய்ததை, அந்த ஆளைப் பார்த்துக் கேட்டு அவர் மனம் ஆறினால்தான் உண்டு. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் உள்ள சட்டம் இது. மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை பேருந்து வரை யோசித்து, என் வேகத்துக்கு நடந்து வந்து கேட்டான். அவனை மன்னிப்பது சுலபமாக இருந்தது. என் பாக்கி அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அக்டோபர் 3, திங்கள்

சனியிலிருந்து மழை, இயன் புயலின் மிச்சம்.

வார இறுதி முழுவதும் ஒத்திகை பார்த்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ரபியிடம் கேட்டேன். “நீங்கள் எங்கே வைத்துச் சொன்னீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் எடுக்க வேண்டும்.

வகுப்பு தொடங்கியதும் சொன்னேன். அன்று நான் விசாரிக்காமல் முடிவு செய்தேன், தவறு என்னுடையது, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். யார் பார்த்து எழுதியது என்று சொல்லவில்லை. அறை அமைதியாக இருந்தது. அவன் அழிப்பானைக் கட்டை விரலால் மேசையில் முன்னும் பின்னும் உருட்டினான். தலையைத் தூக்காமல், “மஹூல் லாஹ், மஹூல் லாஹ், மஹூல் லாஹ்” என்றான். உங்களை மன்னித்தேன் என்று மூன்று தடவை. அப்படி மும்முறை சொல்வது வழக்கம். பிறகு, “நான் பழைய இடத்துக்குப் போகலாமா?” என்றான். பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் தவறே செய்யாமலா இருந்திருப்பேன்? அதற்கென்று ஒரு தேதி இல்லை. இங்கே தேதி இருக்கிறது.

அக்டோபர் 5, புதன்

யோம் கிப்பூர், எங்களுக்கு விஜயதசமி. நேற்று சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிய புத்தகங்களை இன்று காலை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் படித்தோம்.

மதியம் ஹைலண்ட் பார்க் வழியாகப் போனேன். நேற்று மாலையிலிருந்து 25 மணி நேரம் சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. தோல் செருப்பும் ஆகாது. வெள்ளைச் சட்டை, நல்ல கோட்டு, காலில் மட்டும் ரப்பர் செருப்போ துணிச் செருப்போ போட்டுப் பெரியவர்கள் நடந்து போனார்கள். என் வகுப்புப் பெண் ஒருத்தி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் நடைக்கு ஏற்ப நின்று நின்று வந்தாள். நான் காரில் இருந்ததால் கை காட்டவில்லை. அவர்களுக்கு அமைதியான நாள்.

அக்டோபர் 6, வியாழன்

மழை விட்டது. யோம் கிப்பூர் முடிந்த இரவே சுக்கா கட்டத் தொடங்குவது நல்லது என்பார்கள். தமிழ் வேதாகமத்தில் கூடாரப் பண்டிகை என்று வருமே, அதற்கான பந்தல். பள்ளி முற்றத்தில் பெற்றோர் சிலர் நேற்று ராத்திரியே, பட்டினி முடித்துச் சாப்பிட்ட கையோடு வந்து மரச்சட்டம் நிறுத்தியிருந்தார்கள். மரமெல்லாம் ஈரம். காலையில் பிள்ளைகள் காகிதச் சங்கிலியோடு வந்துவிட்டார்கள்.

சுக்காவுக்கு விதிகள் நிறைய. உயரம் பத்துக் கைப்பிடிக்குக் குறையக் கூடாது, இருபது முழத்துக்கு மேல் போகக் கூடாது. ஆமாம், முழம்! முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, நம் அளவேதான். ஐந்தாம் வகுப்பை வெளியே கூட்டி வந்து அளக்கவிட்டேன். ஒருவர் முழம் ஒருவருக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊரில் பூக்காரம்மா மல்லிகையை முழம் போட்டுத்தான் விற்பார், கை நீளமான அம்மாவிடம் வாங்கினால் நமக்கு லாபம் என்றேன். உடனே வகுப்பிலேயே நீளமான கை யாருடையது என்று தேடல்.

கூரை மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், வேரோடு இருக்கக் கூடாது. வெயிலைவிட நிழல் அதிகம் வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. பள்ளியில் மூங்கில் தட்டி போடுகிறார்கள். தென்னங்கீற்று ஆகுமா என்று ரபியிடம் கேட்டேன், முடைந்திருக்கும் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எதற்காக முடைந்தது? படுக்கவா, வேயவா?” படுக்க முடைந்த பாய் கூரைக்கு ஆகாது, வேய்வதற்கென்றே முடைந்தது ஆகும், மிஷ்னாவிலேயே இருக்கிறது என்றார். கீற்று வேய மட்டும்தான் என்றேன். “அப்படியானால் உங்கள் ஊரில் சுக்கா கட்டுவது எங்களுக்கு எளிது” என்றார்.

எங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் படுத்து ஓட்டை வழியே வானம் பார்த்த நான், நியூஜெர்சியில் மூங்கில் தட்டிக்குக் கீழே நின்று அதையே பார்த்தேன்.

அக்டோபர் 13, வியாழன்

மோரா வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயிறு முழுநிலவில் தொடங்கியது சுக்கோத், அந்தக் கூடாரப் பண்டிகை. நடு நாட்களில் பள்ளி இல்லை, ஆனால் கார் ஓட்டலாம், சமைக்கலாம். ஏழு நாளும் சாப்பாடு சுக்காவில்தான்.

முதலில் எத்ரோக் காட்டினார். பெட்டிக்குள் பஞ்சு மாதிரி நார், அதற்குள் மஞ்சளாக, மேடு பள்ளமாக ஒரு பழம். நம் நார்த்தங்காய் மாதிரியே இருந்தது. நுனியில் உள்ள சின்னக் காம்பு ஒடிந்தால் போச்சு, அதனால் வீட்டில் யாரும் அதன் அருகில் ஓடக்கூடாது. மூடிய பேரீச்சங்குருத்து, மூன்று மிர்ட்டில் கொத்து, இரண்டு வில்லோ கொத்து, இவற்றோடு எத்ரோக்கையும் சேர்த்துப் பிடித்து ஆறு திசையிலும் அசைக்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் உப்பில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். தோலில் கறை விழக்கூடாது என்று மருந்து அடித்து வளர்ப்பார்கள், கிராம்பு குத்தி வாசனைக்கு வைத்துக்கொள்வோம் என்றார்.

அப்புறம் மேசைக்குக் காராமணிச் சுண்டல் வந்தது! என் செய்முறைதான். கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாராம். நாற்பது இலை. பூச்சி சாப்பிடக்கூடாது என்பது சட்டம். பெருங்காயம் மட்டும் இல்லை, அவர் பார்த்த டப்பாவில் கோஷர் முத்திரை இல்லையாம். ஒரு வாய் போட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உப்பு சரியாக இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் தூறல். எழுந்து உள்ளே போக வேண்டுமா என்று பார்த்தேன். கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை வந்தால்தான் எழலாம் என்று மிஷ்னா சொல்கிறது, இது அவ்வளவு மழை இல்லை என்று அவர் கணவர் சிரித்தார். என் மகள் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

நவம்பரில் ஒரு சேர்ந்த வகுப்பு நடத்தலாமா என்று கேட்டேன். “அஹரே ஹஹகிம்” என்றார். பண்டிகைக்கு அப்புறம். இந்த மாதம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில்: பல் டாக்டர், கார் சர்வீஸ், பெற்றோர் கூட்டம், எல்லாமே அஹரே ஹஹகிம்.

அக்டோபர் 19, புதன்

எல்லாம் முடிந்தது. நேற்று சிம்ஹத் தோரா. தோராவின் கடைசி அதிகாரத்தைப் படித்து முடித்த கையோடு, முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். சுருளைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆட்டம். சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே பெரிய சால்வைக்குக் கீழே நிறுத்தி ஆசி சொல்வார்கள். இன்று பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது, பையெல்லாம் மிட்டாய்.

முற்றத்தில் மூங்கில் தட்டிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காகிதச் சங்கிலி ஒன்று வேலியில் மாட்டியிருந்தது.

பலகையில் ‘பின்னங்கள்’ என்று எழுதினேன். பழைய இடத்துக்குத் திரும்பியவன் கை தூக்கினான்.

“மிஸ், உங்க பண்டிகை எப்போ?”

“திங்கட்கிழமை. தீபாவளி.”

“அப்போ நீங்க வரமாட்டீங்களா?”

“வரமாட்டேன்.”

“அப்போ பின்னத் தேர்வு?”

“அஹரே ஹஹகிம்” என்றேன். வகுப்பே மேசையைத் தட்டியது.