பனிமலை வரைய உப்பளத்துக்குப் போங்கள்

எண்ணெய் வண்ணத்தில் பனிமலை வரைய ஆசைப்படும் நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் சுவாமிதோப்பு, புத்தளம் பக்கம் உப்பளத்துக்குப் போய்வாருங்கள். குமரி மாவட்டத்தில் பனி கொட்டாது, சரி. ஆனால் வெயிலில் வெள்ளை என்னவெல்லாம் ஆகும் என்பதை உப்புக் குவியல் அளவுக்குச் சொல்லித்தர எந்தப் போட்டோவாலும் முடியாது.

வெயில் சாயும் நேரத்தில் பாருங்கள். மேற்குச் சரிவு லேசான மஞ்சளில் நிற்கும். மறுபக்கம் முதலில் சாம்பலாகத்தான் தெரியும், கண்ணைச் சுருக்கிக் கொஞ்சநேரம் பார்த்தால் அது நீலம், நல்ல நீலம், ஏனென்றால் சூரியன் நேரே படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது மேலே இருக்கிற வானம்தான். சுத்த வெள்ளை என்று சொல்ல உச்சி விளிம்பில் ஒரு கீற்றுதான் இருக்கும். நான் அங்கே நின்று வரைந்துகொண்டிருந்தபோது உப்பு வாரும் அண்ணாச்சி ஒருவர் எட்டிப் பார்த்து, "உப்பையா படம் போடுத மக்ளே?" என்றார். பனிமலைக்காக என்று சொன்னதும், "அப்பம் வெள்ளைய வாரிப் பூசாத, கண்ணு கூசும்" என்றார். நாள் முழுக்க அந்த வெள்ளையில் நிற்பவர், அவருக்குத் தெரியாதா?

பிரெஞ்சு ஓவியர் மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த ‘மாக்பை’ ஓவியத்திலும் இதே விஷயம்தான். பனிமேல் விழும் வேலி நிழல் நீலம். 1869-ல் அந்தக் காலத்துப் பெரிய ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோன் அதை ஏற்கவில்லை, இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிழலுக்கு டைட்டானியம் ஒயிட்டில் அல்ட்ராமரின் நீலம், அந்த நீலம் ரொம்பப் பளிச்சென்று தெரியாமல் அடக்க ஒரு துளி பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. வெயில் பக்கத்துக்கு வெள்ளையோடு எல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சள், அதுவும் வண்ணம் கலக்கிற பேலட் கத்தியின் முனையில் ஒட்டுகிற அளவு போதும். சுத்த வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள். இந்த டைட்டானியம் ஒயிட் ஓவியர்கள் கைக்குப் பரவலாக வந்ததே 1920-களில்தான், மோனே காலத்தில் ஈய வெள்ளை. டைட்டானியம் எடுக்கிற இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

உப்புக் குவியலில் பாறை இருக்காதே, அதற்குப் பூதப்பாண்டி பக்கம் தாடகை மலையைப் பாருங்கள். செங்குத்தான பாறையில் பனி தங்காது, அதனால் மலையை முதலில் முழுக்க இருட்டான பாறை நிறத்தில், மெல்லிசாகப் போட்டுவிட வேண்டும். அப்புறம் பேலட் கத்தியின் ஓரத்தில் வெள்ளையைச் சின்னச் சுருளாக எடுத்து, அழுத்தாமல், சரிவு போகிற திசையிலேயே இழுங்கள். கேன்வாஸின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டி, பள்ளங்களில் பாறை தெரியும். அந்த உடைசல்தான் பனி. அழகாக இருக்கிறதே என்று மேலே இன்னொரு இழுப்பு இழுத்தால் மலை சுண்ணாம்புச் சுவராகிவிடும்.

ஒரு விஷயம் மட்டும் நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும், இரண்டு பருவமழையும் பெய்கிற இங்கே ஈரக்காற்றில் அது இழுத்துக்கொண்டே போகும். அந்த அவசரத்தில் படத்தை அலமாரிக்குள் தள்ளிவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், பனியில் அது பளிச்சென்று தெரியும். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறைச் சுவரில், தூசி படாமல் மாட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்று வீசுகிற மாதங்களில் அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.