"எதிலே துளை போடப் போறே?"

பழைய மாணவர் மலருக்கு எழுதுங்கள் என்றதும் விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தெரியும், அதனால் நான் வொர்க்‌ஷாப் பக்கம் போகிறேன். இன்றும் இரும்போடு மல்லுக்கட்டித்தான் பிழைப்பு ஓடுகிறது.

எங்கள் வொர்க்‌ஷாப் வாத்தியாரிடம் துளை போடும் டிரில் பிட் கேட்டால் உடனே தந்துவிட மாட்டார். "எதிலே துளை போடப் போறே?" என்பார். "இரும்பு சார்" என்றால் விடமாட்டார், சாதாரண மைல்ட் ஸ்டீலா, வார்ப்பிரும்பா, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ்ஸா என்று சொல்லியாக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்ற பேச்சே அப்புறம்தான்.

மைல்ட் ஸ்டீலுக்கு 118 டிகிரி முனையுள்ள சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட் தாராளம். ஸ்டெயின்லெஸ்தான் வம்பு. பயந்து பயந்து லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் உரசும், உரசிய இடம் இறுகிப்போகும், அப்புறம் புது பிட் போட்டாலும் இறங்காது. அதற்கு 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 என்ற எஃகு ரகப் பிட், இன்னும் முரட்டு வேலை என்றால் 8 சதவீதம் உள்ள எம்42, முனை 135 டிகிரியில் நடுவே பிளந்து தீட்டியதாக இருந்தால் வழுக்கி ஓடாமல் வைத்த இடத்திலேயே பிடிக்கும். சுற்றைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்தத்தை விடாமல் இறக்க வேண்டும். 10 மில்லி பிட்டுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 800 சுற்று வரை போகலாம், ஸ்டெயின்லெஸ்ஸில் அதில் பாதிகூட வேண்டாம்.

தங்க நிறத்தில் மின்னும் பிட்டைப் பார்த்தால் எங்களுக்குக் கை பரபரக்கும். அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனம்தான். உழைக்கும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஒருமுறை தீட்டினால் முனையில் பூச்சு போய்விடும். கோபால்ட் உலோகத்துக்குள்ளேயே கலந்திருப்பதால் எத்தனை முறை தீட்டினாலும் அதே குணம். நிறத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் சிரிப்புதான்.

வாத்தியார் துளையைப் பார்த்து நான் கண்டதில்லை, வெட்டுப்பட்டு வரும் இரும்புச் சுருளைத்தான் பார்ப்பார். பிட்டின் இரண்டு பள்ளத்திலும் ஒரே மாதிரி சுருள் ஏறி வந்தால் தலையாட்டுவார். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மெஷினை நிறுத்தி, பிட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வெட்டு விளிம்பும் சமமாக இல்லை என்று காட்டுவார். அப்படிப்பட்ட பிட் 8 மில்லி என்று எழுதியிருந்தாலும் துளை அதைவிடப் பெரிதாகத்தான் விழும்.

வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேண்டாம், வழவழப்புக்கு அதிலுள்ள கிராஃபைட்டே போதும். பித்தளை கதை வேறு. கூரான விளிம்பு அதைக் கவ்வி இழுத்துவிடும், கையிலிருப்பதையும் பிடுங்கிச் சுழற்றும். அதற்காக விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கிய பிட்டுகளைத் தனி டப்பாவில் வைத்திருந்தார். அந்த டப்பாவிலிருந்து இரும்புக்கு எடுத்தவனுக்கு மணி அடிக்கும்வரை அரம் போடும் வேலைதான்.