மானியம் வாங்காத பல்கலைக்கழகத்தைக் கண்காணிப்பது யார்?

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் உயர்கல்வித் தரத்தைக் காக்கும் பொறுப்பை மானியக் குழுவிடம் ஒப்படைத்தது. ஆனால் அதன் கையில் கொடுத்த வலுவான கருவி பணம்தான். குழுவின் பரிந்துரையை ஒரு பல்கலைக்கழகம் நியாயமான காலத்துக்குள் நிறைவேற்றாவிட்டால், விளக்கம் கேட்டபின் மானியத்தை நிறுத்திவைக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. உரிமையின்றிப் பட்டம் வழங்குவோருக்கு 24ஆம் பிரிவு விதித்த அபராதமோ ஆயிரம் ரூபாய் வரைதான். மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் நிறுவனத்திடம் நிறுத்திவைக்க எந்த மானியமும் இல்லை.

இந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பதைச் சத்தீஸ்கர் காட்டியது. அம்மாநிலம் 2002இல் இயற்றிய தனியார் பல்கலைக்கழகச் சட்டம், அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டே பல்கலைக்கழகத்தை நிறுவ அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒவ்வொன்றையும் சட்டமன்றம் தனியே ஆராய வேண்டியதில்லை. மிகக் குறுகிய காலத்தில் 112 பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றில் பலவற்றுக்குக் கட்டடமோ வளாகமோ கிடையாது.

இயற்பியலாளரும் மானியக் குழுவின் முன்னாள் தலைவருமான பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அச்சட்டத்தின் 5, 6 ஆகிய பிரிவுகள் செல்லாது என்றது. பல்கலைக்கழகத்தை நிறுவுவது, அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசமைப்புச் சட்டப் பட்டியல்களில், மாநிலப் பட்டியலின் 32ஆம் இனத்தில் வருகிறது. தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலின் 66ஆம் இனம். முன்னதைக் கொண்டு பின்னதைச் செயலிழக்கச் செய்ய முடியாது என்பதே அதன் சாரம். கல்வியில் மாநிலங்களுக்குக் கூடுதல் உரிமை வேண்டும் என்று உறுதியாக நினைப்பவன் நான். இருந்தும் இத்தீர்ப்பைச் சரியென்றே கருதுகிறேன். ஏனெனில் அங்கே மாநிலம் தன் உரிமையைப் பயன்படுத்தவில்லை, தன் கடமையைக் கைவிட்டது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர்களின் நிலைதான் வேதனையானது. அந்நிறுவனங்களை மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகங்களோடு இணைக்க நடவடிக்கை எடுக்குமாறு நீதிமன்றம் பணித்தது. ஆனால் உரிய தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அந்த வழி. தகுதியற்ற இடத்தில் கட்டணம் கட்டியவர்களின் பணத்துக்கும் ஆண்டுகளுக்கும் யார் பொறுப்பு? எந்த மாநிலம் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் இயற்றினாலும், முதல் மாணவர் சேருவதற்கு முன்பே நேரடி ஆய்வு நடக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் சேர்ந்தவர்கள் வேறிடத்தில் படிப்பை முடிக்கப் போதுமான தொகையை வைப்புநிதியாக அரசு முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.